சேலத்தில் ஒரு நாள், தனியாக, புத்தரைத் தேடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்துக்கு வேலையாகவோ ஏற்காடு பார்க்கவோ வருகிறவர்கள் "ஒரு நாள் கையில் இருக்கிறது, பக்கத்தில் புத்தர் சிலை ஏதோ இருக்கிறதாமே, தனியாகப் போய் வரலாமா?" என்று கேட்பது வழக்கம். அப்படிக் கேட்பவர்களுக்காக எழுதியது இது. சுற்றுலா நிறுவனங்கள் யாரும் இந்த வழியில் ஆள் கூட்டிப் போவதில்லை. அதனால் பஸ், சாப்பாடு உட்பட எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

சேலத்தில் பௌத்த விகாரை (பிக்குகள் தங்கும் மடம்) இருக்கிறதா?

பைலகுப்பையிலோ புத்தகயாவிலோ பார்ப்பது போல பொன்முலாம் பூசிய மண்டபம், காவி உடுத்திய பிக்குகள், உருட்டும் மணிச்சக்கரம் என்று எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே இருப்பவை சோழர் காலத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் கல் புத்தர்கள். அவர்களைச் சுற்றி ஊர் இருக்கிறது, வயல் இருக்கிறது, பூவும் விளக்கும் கொண்டுவருகிற மக்கள் இருக்கிறார்கள். விகாரை இடிந்து மண்ணோடு போன பிறகும் சிலையை ஊர் எப்படி வைத்துக்கொண்டது என்பதுதான் இந்தப் பயணத்தில் பார்க்க வேண்டியது. கட்டடக்கலைக்காக மட்டும் வருவதென்றால் தாரமங்கலம் கைலாசநாதர் கோவிலுக்குப் போய்விடுங்கள், மனம் நிறையும்.

ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

காலையில் தியாகனூர், அங்கிருந்து ஆறகளூர், மாலையில் சேலம் திரும்பி பெரியேரியில் இருக்கும் தலைவெட்டி முனியப்பன் கோவில். இருட்டிய பிறகு கடைவீதி. இதுவே ஒரு நாளுக்குச் சரியான அளவு. இதற்குள் ஏற்காட்டையும் நுழைக்கப் பார்க்காதீர்கள். தியாகனூர் சேலத்துக்குக் கிழக்கே சமவெளியில், ஏற்காடு வடக்கே மலைமேல். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் பஸ் ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள்.

தியாகனூருக்கு எப்படிப் போவது?

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் போகும் பஸ்கள் அடிக்கடி இருக்கும். வாழப்பாடி, ஆத்தூர் தாண்டி தலைவாசலில் இறங்க வேண்டும். ஏறும்போதே "தலைவாசல் நிக்குமா அண்ணா?" என்று நடத்துனரிடம் கேட்டுவிடுங்கள். சில பஸ்கள் புறவழிச் சாலையிலேயே போய்விடும். சந்தேகமாக இருந்தால் ஆத்தூர் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று மாறிக்கொள்வதுதான் நல்லது. ஆத்தூரில் வண்டிக்குக் குறைவே இல்லை.

தலைவாசலிலிருந்து தியாகனூரும் ஆறகளூரும் சில கிலோமீட்டர்தான். டவுன் பஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ஆட்டோ பிடித்து, இரண்டு ஊரையும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும்படி முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். காத்திருக்கும் நேரத்தையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் தகராறு வராது.

சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் பாதையும் ஆத்தூர், தலைவாசல் வழியாகத்தான் போகிறது. ரயில்கள் குறைவு. நேரம் ஒத்துவந்தால் பஸ்ஸைவிட அதில் போவது இதம்.

கிளம்ப வேண்டிய நேரம்?

காலை ஆறரைக்குள். ஆறகளூர்க் கோவில் நடை உச்சிப்பொழுதில் சாத்திவிடுவார்கள் என்பது ஒரு காரணம், வெயில் இன்னொன்று.

தியாகனூரில் என்ன இருக்கிறது?

இரண்டு பெரிய புத்தர் சிலைகள். ஒன்று தியான மண்டபத்துக்குள் இருக்கிறது. உட்கார்ந்த நிலையிலேயே ஆள் உயரத்தைத் தாண்டும் சிலை அது. தமிழ்நாட்டில் கிடைத்த பெரிய கல் புத்தர்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். மற்றொன்று வயல் பக்கம். இரண்டுமே தியான முத்திரையில், மடிமேல் கைமேல் கை வைத்து அமர்ந்தவை.

முதலில் மண்டபத்துச் சிலையைப் பாருங்கள், பிறகு வயல் பக்கம் நடங்கள். முதல் சிலைக்கு முன் குறைந்தது அரைமணி நேரம் உட்காருங்கள். பெரும்பாலானோர் போட்டோ எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள், அதற்காகவா இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தோம்? சிலையின் தோள் அகலம், மார்பில் குறுக்கே ஓடும் ஆடை மடிப்பின் ஓரக்கோடு, காது மடல் தொங்கும் நீளம் எல்லாம் கண் பழகிய பிறகுதான் தெரியும். சிற்பி துணியைச் செதுக்கியிருப்பது ஒரு மெல்லிய கோட்டால் மட்டும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கும் வரை சிலை ஆடையில்லாமல் இருப்பது போலவே தோன்றும்.

ஊர்க்காரர்கள் புத்தரைத் தங்கள் சாமியாகவே நடத்துகிறார்கள். பௌர்ணமியில் விளக்கேற்றுவதும் பூ வைப்பதும் உண்டு. "இது பௌத்த முறையா?" என்று அங்கே நின்று வாதம் செய்யாதீர்கள். அந்த விளக்கும் பூவும் இல்லாமல் போயிருந்தால் சிலை எப்போதோ யார் வீட்டு அடித்தளத்துக்கோ போயிருக்கும் என்பது என் எண்ணம்.

மண்டபம் பூட்டியிருந்தால்?

பக்கத்து வீட்டில் கேளுங்கள். "அக்கா, புத்தர பாக்கணுங்க, சேலத்துல இருந்து வர்றேன்" என்று சொன்னாலே போதும், யாரிடம் சாவி என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதிகாரி மாதிரி விசாரித்தால்தான் கதவு திறக்காது.

அது புத்தரா, சமணத் தீர்த்தங்கரரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நியாயமான கேள்வி. தீர்த்தங்கரர்கள் என்பவர்கள் சமணர்கள் வணங்கும் குருமார்கள். படித்தவர்களே இரண்டு சிலைகளையும் குழப்பிக்கொள்வார்கள். இரண்டுமே கால் மடித்து அமர்ந்து தியானத்தில் இருக்கும், இரண்டுக்கும் சுருள்முடியும் நீண்ட காதும் இருக்கும். முதலில் தலைக்கு மேலே பாருங்கள். மூன்றடுக்குக் குடை இருந்தால் தீர்த்தங்கரர். அடுத்து மார்பு. இடது தோளிலிருந்து சரிந்து இறங்கும் ஆடைக்கோடு இருந்தால் புத்தர். தீர்த்தங்கரர்கள் இங்கே ஆடையில்லாமல்தான் செதுக்கப்படுவார்கள். கடைசியாக உச்சந்தலை. புத்தருக்கு அங்கே ஒரு முடிச்சு, உஷ்ணீஷம், மேலெழும். தமிழ்நாட்டுப் புத்தர்கள் பலவற்றில் அது தீச்சுடர் வடிவில் முடியும். நாகப்பட்டினத்தில் கிடைத்த செப்புத் திருமேனிகளை அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களுக்கு இந்தச் சுடர் நன்றாகத் தெரிந்திருக்கும்.

கடற்கரையில் புத்தர் இருந்தால் சரி, இங்கே உள்நாட்டில் எப்படி?

நாகப்பட்டினம் எல்லோருக்கும் தெரியும். சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் அங்கே சூடாமணி விகாரையைக் கட்டினான், ராஜராஜ சோழன் 1006ஆம் ஆண்டு வாக்கில் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்தான். சிவபக்தனான அரசன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்தான் என்பதே அந்தக் காலத்து மனநிலையைக் காட்டும்.

தியாகனூருக்கு விடை நிலத்திலேயே இருக்கிறது. வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை, நடுவே வசிஷ்ட நதி ஓடும் பள்ளத்தாக்கு. கொங்குப் பகுதியிலிருந்து கடற்கரைச் சமவெளிக்கு இறங்க இயல்பான வழி இதுதான். வசிஷ்ட நதி கிழக்கே ஓடி ஸ்வேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. இன்றைய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும்கூட அதே பள்ளத்தாக்கைத்தான் பிடித்துப் போகின்றன. வணிகர்கள் நடந்த வழியில் பௌத்தம் தங்கியது இந்தியா முழுக்க நடந்த கதை. வணிகர் கொடையும் அரசர் கொடையும் வற்றினால் விகாரை நிற்காது. செங்கல் சுவர் மழையில் கரையும், கல் சிலை மண்ணுக்குள் காத்திருக்கும். பஸ்ஸில் போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால் கல்வராயன் மலை கூடவே வருவதைப் பார்க்கலாம். அப்போது இந்த விளக்கம் தானாகப் புரியும்.

ஆறகளூர் எதற்கு? அது சிவன் கோவில்தானே?

சிவன் கோவில்தான். ஆனால் அதைப் பார்க்காமல் தியாகனூரைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தக் காலத்தில் மகதை மண்டலம் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதிக்கு ஆறகளூர்தான் தலைநகரம். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வாணகோவரையர்கள் இங்கிருந்து ஆண்டார்கள், சோழருக்கு அடங்கிய குறுநில மன்னர்கள் அவர்கள். அரசிருக்கை உள்ள ஊர் என்றால் வணிகர், படைவீரர், பல சமயத்துத் துறவிகள் எல்லோரும் வந்துபோயிருப்பார்கள். பக்கத்து ஊரில் இத்தனை பெரிய புத்தர் அமர்ந்திருப்பதில் ஆச்சரியம் என்ன?

காமநாதீஸ்வரர் கோவிலில் எட்டு பைரவர்கள் உண்டு. தேய்பிறை அஷ்டமியில் கூட்டம் அலைமோதும். அமைதி வேண்டுமென்றால் அந்த நாளைத் தவிருங்கள், ஜனங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள். ஊருக்குள் கரிவரதராஜப் பெருமாள் கோவிலும் இருக்கிறது. நேரமிருந்தால் எட்டிப் பாருங்கள்.

தலைவெட்டி முனியப்பன் கோவில் கதை என்ன? அது புத்தர் என்று தீர்ப்பு வந்ததாமே?

ஆமாம். சேலம் நகருக்குள் பெரியேரியில் கோட்டை ரோட்டில் இருக்கும் சிறிய கோவில் அது. பல தலைமுறையாக முனியப்பன் என்று வணங்கப்பட்டு, அறநிலையத் துறையின் பொறுப்பில் இருந்தது. அது புத்தர் சிலை, மீட்டுத் தர வேண்டும் என்று கேட்டு 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆய்வு செய்யச் சொன்னது. வல்லுநர்கள் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள்: தாமரைப் பீடத்தில் அர்த்த பத்மாசனம் (ஒரு காலை மற்றதன்மேல் மடித்து அமர்வது), கைகளில் தியான முத்திரை, சுருள்முடி, உஷ்ணீஷம், நீண்ட காது மடல், உடலில் ஆடை. எல்லாம் புத்தருக்குரிய அடையாளங்கள். தலை உடலிலிருந்து துண்டிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தது.

2022 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். சிலை புத்தர் என்று தெரிந்த பிறகு அதை முனியப்பனாக நடத்த அறநிலையத் துறையை அனுமதிக்க முடியாது, இடத்தைத் தொல்லியல் துறை பொறுப்பெடுக்க வேண்டும், இது புத்தர் என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம் ஆனால் பூசை கூடாது என்பது அதன் சாரம்.

இதில் யார் பக்கம் நிற்பது என்று கேட்டால், சிலையைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை, அது புத்தர். ஆனால் அந்த முனியப்பனுக்குப் பொங்கல் வைத்து, பிள்ளைக்கு மொட்டையடித்து வளர்ந்த குடும்பங்களின் வருத்தமும் போலியில்லை. சேலம் முனியப்பன்களின் ஊர். வெண்ணங்கொடி முனியப்பன் கோவிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், அந்த வழிபாட்டின் வேகம் புரியும். தலையில்லாமல் கிடந்த கல்லை ஊர் எடுத்து, தலையை ஒட்டி, தனக்குத் தெரிந்த காவல் தெய்வத்தின் பெயரை வைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

அங்கே போனால் எப்படி நடந்துகொள்வது?

ஆட்டோக்காரரிடம் "தலைவெட்டி முனியப்பன் கோவில்" என்றே சொல்லுங்கள், "புத்தர் கோவில்" என்றால் பலருக்குப் புரியாது. செருப்பை வெளியே விடுங்கள். நீங்கள் போகும் நாளில் அங்கே என்ன நடைமுறை இருக்கிறதோ அதன்படி நடங்கள். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம், தீர்ப்பைப் பற்றி அங்கிருப்பவர்களிடம் நீங்களாகப் பேச்சை ஆரம்பிக்கவும் வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் பகோடா பாயின்ட் இருக்கிறதே, அது பௌத்தக் கோவில் இல்லையா?

இல்லை. இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அங்கே இருப்பவை மலைவாழ் மக்கள் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய கூம்புக் குவியல்கள். ஒரு ராமர் கோவிலும் உண்டு. காட்சி அருமை, புத்தருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் இன்னொரு நாள் கிடைத்தால் ஏற்காட்டில் எதைப் பார்க்கலாம்?

படகுத்துறையை விட்டுவிட்டு நேராகச் சேர்வராயன் கோவிலுக்குப் போங்கள். சேர்வராயன் மலையின் உச்சியில், 1,600 மீட்டருக்கு மேல், ஒரு குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். தலை குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே ஈரமும் குளிரும். மே மாதத்தில் திருவிழா, அப்போது சுற்றுக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடியினர் திரள்வார்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் இவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை.

வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் உடம்பாக இருந்தால் பஸ்ஸில் முன் இருக்கையாகப் பிடியுங்கள். மலை முழுக்கக் காபித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட பயிர் அது. பூக்கும் பருவத்தில், ஒரு மழை பெய்து ஓய்ந்த சில நாளில் போனால் தோட்டம் முழுக்க வெள்ளையாக இருக்கும்.

தனியாகப் போகும் பெண்ணுக்கு இந்த வழி சரிப்படுமா?

பகலில் சரிப்படும். நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குக் குறைவில்லை, தலைவாசல் காய்கறிச் சந்தையால் எப்போதும் ஆள் நடமாட்டமுள்ள ஊர். கவனிக்க வேண்டியது வயல் பக்கம்தான். நண்பகலில் அங்கே ஆள் இருக்காது. காலையிலேயே பார்த்துவிடுங்கள், ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள். "தனியாவா வந்தீங்க? வீட்ல யாரும் வரலையா?" என்று எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். அதில் குத்தல் இல்லை. பதில் சொன்னால் மோர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சாப்பாடு?

தியாகனூரில் ஓட்டலை நம்பாதீர்கள். காலை டிபனை ஆத்தூரில் முடித்துவிடுங்கள், மதியமும் ஆத்தூரிலேயே. கோடையில் ரோட்டோரம் கம்மங்கூழ் கிடைக்கும், மோர் மிளகாயும் மாங்காயும் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். வெயிலில் அலைந்த வயிற்றுக்கு அதைவிட நல்லது இல்லை.

இரவுக்குத் தட்டுவடை செட். சேலத்துக்கு வந்து இதைச் சாப்பிடாமல் போனால் வந்ததாகவே கணக்கில்லை. இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புளிப்புச் சட்னி. மொத்தமாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்துத் தின்றால் சட்டை நாசம். அதற்கப்புறம் நொறுக்கல், அதாவது தட்டையை நொறுக்கிக் காயும் சட்னியும் கலந்தது, முட்டை சாப்பிடுகிறவராக இருந்தால் முட்டை நொறுக்கல். அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, அக்ரஹாரம் என்று எந்தப் பக்கம் தங்கினாலும் சாயங்காலத் தள்ளுவண்டி ஒன்று பக்கத்தில் இருக்கும். எது சிறந்தது என்பதில் சேலத்துக்காரர்கள் இருவர் ஒத்துப்போனதில்லை.

வழியில் உள்ளூர் வாழ்க்கை என்று என்ன பார்க்கலாம்?

ஜவ்வரிசி. ஆத்தூர் வரை இரு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி. சேகோ ஆலைகளில் மாவையும் ஜவ்வரிசியையும் பெரிய களங்களில் வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். களம் முழுக்கக் கண்கூசும் வெள்ளை, கொஞ்சம் புளித்த வாடையும் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயாப் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது இங்கே தொழில் வேர் பிடித்தது. 1981இல் உற்பத்தியாளர்கள் கூட்டுறவாகச் சேகோசர்வ் தொடங்கினார்கள். உங்கள் வீட்டுப் பாயசத்தில் இருப்பது இந்த வழியில் காய்ந்ததாகவே இருக்கலாம்.

நகரத்துக்குள் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், அம்மாபேட்டையில் தறிச் சத்தம். பட்டறைக்குள் எட்டிப் பார்க்க விரும்பினால் கேட்டுவிட்டுப் போங்கள், வெள்ளி இருக்கும் இடம்.

எந்தப் பருவத்தில் வரலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வயல் வரப்பு சேறாகிவிடும். சித்திரை, வைகாசி வெயில் கொடுமை. ஆனால் புத்த பூர்ணிமா வருவது அந்தப் பருவத்தில்தான், தியாகனூரில் கூட்டத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் வெயிலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது தமிழ்ப் பௌத்தர்கள் இருக்கிறார்களா, அல்லது எல்லாம் பழங்கதையா?

இருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் ஏற்ற பிறகு அந்த வழியில் வந்தவர்களும் உண்டு. வெள்ளை உடையில் ஒரு குழு மண்டபத்தில் அமர்ந்து "புத்தம் சரணம் கச்சாமி" சொல்வதை நீங்கள் பார்க்க நேரலாம். ஒரு ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள், யாரும் எழுப்பிவிட மாட்டார்கள்.

நான் பௌத்தன் இல்லை. கும்பிடலாமா?

தாராளமாக. கும்பிடாமல் சும்மா உட்காரவும் செய்யலாம். தேங்காய் உடைப்பது, கற்பூரம் கொளுத்துவது மட்டும் வேண்டாம். கரியும் எண்ணெயும் கல்லில் படிந்தால் எடுப்பது கடினம்.

பையை எங்கே வைப்பது? இரவு ரயில் பிடிக்க வேண்டும்.

சேலம் ஜங்ஷனில் பொருள் வைப்பறை வசதியைக் காலையிலேயே விசாரித்து வைத்துவிடுங்கள். ரயில் நிலையங்களில் வைக்கும் பைக்குப் பூட்டு கேட்பார்கள், சின்னப் பூட்டு ஒன்று கையில் இருக்கட்டும். ஜங்ஷனும் பஸ் ஸ்டாண்டும் ஒரே இடத்தில் இல்லை, நடுவில் ஐந்து ரோடு நெரிசல். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டரை வரை அந்தப் பக்கம் ஆட்டோ நகராது. தட்டுவடை செட்டை முடித்ததும் கிளம்பிவிடுங்கள்.